கைராசியும் கணக்கும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. கணித மாணவன்)

கூடைப்பந்து ஆட்டம் நாற்பது நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. பார்த்தவர்கள் நடத்தும் ஆட்டமோ அதன் பிறகுதான் தொடங்குகிறது. தாம்பரம் ரயில் நிலையத்தில் ஏறி, சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று ஒவ்வொருவராக இறங்கும் வரை அது ஓயாது. "அவனுக்கு இன்று கைராசி", "கண் பட்டுவிட்டது", "அந்த ஒருவனால்தான் தோற்றோம்" என்ற மூன்று தீர்ப்புகளையும் அங்கே கேட்காத நாளில்லை. இத்தீர்ப்புகளில் எவ்வளவு உண்மை என்பதை, நாம் வகுப்பில் படிக்கும் நிகழ்தகவைக் கொண்டே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளையாட்டு வந்த வழி

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர்கள் உள்ளரங்கில் விளையாடுவதற்காக இதனை உருவாக்கினார். பதின்மூன்று விதிகளும் பீச் பழக்கூடைகள் இரண்டுமே அன்றைய மூலதனம். கூடை தரையிலிருந்து பத்து அடி உயரத்தில் தொங்கியது. இன்றும் வளையத்தின் உயரம் அதுவே. அதே ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் இயங்கும் அக்கல்லூரியை நம்மில் பலர் ஆட்டம் பார்க்கச் சென்று அறிவோம். ஆக, கூடைப்பந்து பிறந்த ஊருக்கும் நம் புறநகருக்கும் இடையே ஒரே ஒரு தலைமுறைதான் தூரம்.

நாக்-அவுட்டின் நியதி

போட்டித் தொடரில் பதினாறு அணிகள் கலந்துகொள்கின்றன என்று கொள்வோம். தோற்ற அணி வெளியேறும் முறையில், கோப்பையைப் பெற நான்கு ஆட்டங்களைத் தொடர்ந்து வெல்ல வேண்டும். நம் அணி மிகச் சிறந்தது. எந்த அணியுடன் மோதினாலும் வெற்றி பெறும் நிகழ்தகவு 0.7 என்றே வைத்துக்கொள்வோம். ஆட்டங்கள் ஒன்றையொன்று சாராதவை எனில், நான்கையும் வெல்லும் நிகழ்தகவு 0.7-ஐ நான்கு முறை பெருக்கினால் கிடைக்கும் 0.2401. அதாவது, எல்லாரினும் சிறந்த அணி நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு முறைதான் கோப்பையுடன் திரும்பும். மற்ற மூன்று ஆண்டுகளிலும் "பையன்கள் சரியில்லை" என்ற பேச்சையே கேட்க நேரிடும்!

இதற்கு மறுபக்கமும் உண்டு. சாதாரண அணியும் சில வேளைகளில் கோப்பையை எட்டிவிடும். அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியப் போட்டியில் 1985-ஆம் ஆண்டு முதன்முறையாக 64 அணிகள் ஆடின. தன் மண்டலத்தில் எட்டாம் இடத் தரவரிசை பெற்றிருந்த வில்லனோவா பல்கலைக்கழக அணி, ஆறு ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று பட்டம் பெற்றது. இறுதியாட்டத்தில் முந்தைய ஆண்டின் சாம்பியனான ஜார்ஜ்டவுனை 66-64 என வீழ்த்தியது. அதே பருவத்தில் அதே ஜார்ஜ்டவுனிடம் இருமுறை தோற்ற அணிதான் இது. அன்றிரவு வில்லனோவா எறிந்த 28 பந்துகளில் 22 கூடையில் விழுந்தன. அது போன்ற ஓர் இரவு ஓர் அணிக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை. ஆனால் அந்த ஓர் இரவு இறுதியாட்டத்தன்று வாய்த்தால் போதுமானது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 2014 ஜூலையில் சீனாவின் வூஹான் நகரில் நடைபெற்ற ஆசியக் கோப்பைப் போட்டியில், இந்திய ஆடவர் அணி சீனாவை 65-58 என்ற கணக்கில் வென்றது. சீனாவை இந்தியா வென்றது அதுவே முதல் முறை. எனினும் கோப்பை நமக்குக் கிட்டவில்லை. ஓர் ஆட்டத்தை வெல்வது ஒன்று. தொடரை வெல்வது வேறொன்று.

ஒரே எதிரியுடன் பலமுறை மோதினால் வலிமையுள்ள அணிக்கு வாய்ப்புக் கூடுகிறது. ஓர் ஆட்டத்தில் 0.6 வாய்ப்புள்ள அணிக்கு, மூன்றில் இரண்டை வெல்ல வேண்டிய தொடரில் 0.648 வாய்ப்பு, ஏழில் நான்கை வெல்ல வேண்டிய தொடரிலோ 0.71. நம் கல்லூரிப் போட்டிகள் பலவற்றில் முதலில் நாக்-அவுட், பிறகு கடைசி நான்கு அணிகளுக்குள் லீக் என்று நடத்துவதன் பொருள் இப்போது விளங்கும். ஒரு நாள் சறுக்கலால் நல்ல அணி வெளியேறிவிடக் கூடாது என்பதே அது.

கைராசி உண்டா?

தொடர்ந்து மூன்று பந்துகளைப் போட்டவனிடமே நான்காவது பந்தையும் கொடுக்கச் சொல்லிக் கூச்சலிடுவது உலகெங்கும் ரசிகர் வழக்கம். வில்லனோவா வென்ற அதே 1985-இல் கிலோவிச், வலோன், ட்வெர்ஸ்கி என்ற மூன்று அறிஞர்கள் இதனைச் சோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் கேட்ட நூறு ரசிகர்களில் 91 பேர் கைராசியை நம்பினர். ஆனால் பிலடெல்பியா அணியின் ஆட்டப் பதிவுகளில் அதற்குச் சான்று கிடைக்கவில்லை. பாஸ்டன் அணியின் புகழ்பெற்ற லாரி பேர்டு, இரண்டு ப்ரீ த்ரோக்களில் முதலாவதைப் போட்டபின் இரண்டாவதை 88 விழுக்காடும், முதலாவதைத் தவறவிட்டபின் 91 விழுக்காடும் போட்டிருந்தார். கைராசி உண்மையானால் இது தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

தொடர்ச்சி என்பது நம் கண்ணுக்கு அதிசயமாகத் தோன்றுகிறது. பூவா தலையா போட்டுப் பாருங்கள். இருபது முறை சுண்டினால், எங்கேனும் நான்கு தலைகள் தொடர்ந்து விழும் நிகழ்தகவு 0.478. ஏறத்தாழப் பாதி! நாணயத்திற்குக் கைராசி ஏது?

இத்துடன் வழக்கு முடிந்ததென்றே முப்பது ஆண்டுகள் கருதப்பட்டது. 2018-இல் மில்லர், சன்ஹுர்ஹோ என்ற இருவர் அந்தக் கணக்கிலேயே ஒரு நுட்பமான பிழையைக் காட்டினர். அதனை நாமே ஒரு தாளில் செய்து பார்க்கலாம். நாணயத்தை மூன்று முறை சுண்டினால் எட்டு வரிசைகள் கிடைக்கும். ஒவ்வொரு வரிசையிலும், தலைக்கு அடுத்து வந்த சுண்டல்களில் எவ்வளவு பங்கு தலை என்று குறித்துக்கொள்வோம். த-த-த என்றால் 1. த-த-பூ என்றால் 1/2. த-பூ-த, த-பூ-பூ இரண்டிற்கும் 0. பூ-த-த என்றால் 1. பூ-த-பூ என்றால் 0. பூ-பூ-த, பூ-பூ-பூ இரண்டிலும் தலைக்கு அடுத்து எதுவும் வராததால் அவை கணக்கில் சேரா. மீதமுள்ள ஆறின் சராசரி 5/12. எதிர்பார்த்த 1/2 அன்று, அதற்கும் குறைவு! ஆகவே, தொடர் எறிதல்களை இம்முறையில் ஆராய்ந்து "வெற்றிக்குப் பின்னும் அதே 1/2 தான்" என்று ஒருவர் காண்பாராயின், உண்மையில் அங்கே சிறிது கைராசி ஒளிந்திருக்கிறது என்று பொருள். இப்பிழையைத் திருத்தியபோது பழைய எண்களிலேயே அதற்குச் சான்று தென்பட்டது.

ஆக, ரசிகன் முற்றும் அறியாதவன் அல்லன், அவன் மிகைப்படுத்துபவன். மெத்தப் படித்தவர்களின் தீர்ப்பும் மறுவிசாரணைக்கு உரியது என்பது இதில் நமக்குக் கிடைக்கும் இரண்டாவது பாடம்.

கண் பட்டதா?

ஓர் ஆட்டத்தில் முப்பது புள்ளி எடுத்தவனை எல்லாரும் புகழ்கிறோம். அடுத்த ஆட்டத்தில் அவன் பன்னிரண்டு எடுத்தால், திருஷ்டி என்கிறோம். அவனது வழக்கமான அளவு பதினான்கு என்றால், முப்பதுதான் விதிவிலக்கு, பன்னிரண்டு அன்று. மிக உயர்ந்த ஒரு நாளுக்கு அடுத்த நாள் பெரும்பாலும் சராசரியை நோக்கியே திரும்பும். எலுமிச்சம்பழத்திற்கு இங்கே வேலையில்லை.

அந்த ஒருவன்

இனி மூன்றாம் தீர்ப்பு. இதுவே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. சென்ற ஆண்டு நம் அணி, கல்லூரிகளுக்கிடையேயான போட்டியில் எவரும் எதிர்பாராத அளவு முன்னேறி, ஒரு புள்ளியில் தோற்று வெளியேறியது. கடைசி நொடிகளில் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தபோது நம் ஆட்டக்காரர் ஒருவருக்கு இரண்டு ப்ரீ த்ரோ கிடைத்தன. முதலாவது விழுந்தது, இரண்டாவது வளையத்தில் பட்டு வெளியே போனது. அன்றைய ரயிலில் பேசப்பட்டதெல்லாம் அந்த ஒரு பந்தைப் பற்றித்தான். பின்பு பல வாரங்கள் அவர் பயிற்சிக்கு வரவில்லை.

பத்தில் ஏழு போடும் நல்ல ஆட்டக்காரர் ஒருவரை அக்கோட்டில் நிறுத்துவோம். இரண்டையும் போடும் நிகழ்தகவு 0.7 × 0.7, அதாவது 0.49. இரண்டில் ஒன்றை மட்டும் போடுவது 0.42, இரண்டையும் தவறவிடுவது 0.09. நல்ல ஆட்டக்காரரும் பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் ஆட்டத்தைச் சமன் செய்ய இயலாது என்பதே கணக்கு. அதுவும் சமன் செய்யத்தான், வெல்ல அன்று! மேலும், முதல் ஐந்து நிமிடங்களில் நழுவிய ஒரு புள்ளியும் கடைசி நொடியில் நழுவிய ஒரு புள்ளியும் மதிப்பெண் தாளில் ஒன்றே. முன்னது மறந்துபோகிறது, பின்னது பெயரோடு ஒட்டிக்கொள்கிறது.

நம் ஆட்டக்காரர்களில் பலருக்கு இது வெறும் பொழுதுபோக்கு அன்று. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் நம்மில் பலர். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ வங்கியிலோ ஒரு வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் விடியற்காலையில் மைதானத்திற்கு வருபவர்கள் உண்டு. அந்நம்பிக்கை வீண் அன்று. இந்தியப் பெண்கள் அணியின் தலைவியாக விளங்கி 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை, தென்னக ரயில்வேயில் பணிபுரிந்தவரே. இத்தகைய பாதையில் நடப்பவரை ஒரு பந்தை வைத்து எடைபோடுவது கணக்கிற்கும் பொருந்தாது, நட்பிற்கும் பொருந்தாது.

முடிவுரை

ரசிகர்கள் பேசாமலிருக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. பேச்சில்லாத ஆட்டம் உப்பில்லாப் பண்டம். ஆனால் ஓர் அணியை ஒரு நாளால் அளக்காமல் ஒரு பருவத்தால் அளப்போம். ஓர் ஆட்டக்காரரை ஓர் எறிதலால் அளக்காமல் நூறு எறிதல்களால் அளப்போம். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து குறித்துவைக்க நம் துறை மாணவர்கள் முன்வரலாம். பயிற்சியாளருக்கும் அது பயன்படும். அடுத்த பருவத்திற்கான பயிற்சி காலை ஆறு மணிக்கு நடைபெறுகிறது. அந்த ஆட்டக்காரரும் இப்போது வருகிறார்.