பழைய காருக்கு ஏற்ற ஜக்: தெரிவும் பாதுகாப்பும்

கலவான பகுதித் தோட்டங்களில் இன்று முச்சக்கர வண்டிகள் பெருகிவிட்டன. ஆயினும் பழைய மொறிஸ் மைனர் கார்களை வைத்திருப்போர் இன்னும் உள்ளனர். 1948 முதல் 1970களின் தொடக்கம் வரை இங்கிலாந்தில் 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட கார் இது. சிங்கராஜ வனத்தை அண்டிய எமது வீதிகளில் மழைக்கும் சேற்றுக்கும் குறைவில்லை. டயரில் காற்றுப் போவதும் புதினமல்ல.

ஒரு மழைநாள் மாலையில், பிரசவ வேதனையிலிருந்த தாயொருவரை ஏற்றிச் சென்றபோது எமது காரின் பின் சில்லு காற்றிழந்தது. தாயை வேறொரு வாகனத்தில் அனுப்பிவிட்டு, வீதியோர மண்ணில் ஜக்கை வைத்துச் சுற்றினோம். கார் எழவில்லை, ஜக்தான் மண்ணுக்குள் இறங்கிற்று. மறுகணம் கார் சரிந்தது. உதவிக்கு வந்த இளைஞர் அப்போதுதான் தம் கையை வெளியே எடுத்திருந்தார். பிழை ஜக்கில் அல்ல, எம்மிலேயே இருந்தது. அன்று கற்றதை இங்கு தருகிறோம்.

தெரிவு செய்யும்போது

1. பாரம்: மைனரின் எடை முக்கால் தொன்னளவே. ஆகவே 2 தொன் போத்தல் ஜக் தாராளமாகப் போதும்.

2. உயரம்: இதைப் பலர் கவனிப்பதில்லை. காற்றுப் போனதும் கார் தாழ்ந்துவிடும். அப்போதும் ஜக் அடியில் நுழைய வேண்டும். காற்று நிரம்பிய மாற்றுச் சில்லைப் பூட்டும் அளவுக்கு அது உயரவும் வேண்டும். வீட்டிலேயே ஒரு டயரின் காற்றை இறக்கி அளந்து பார்த்தபின் வாங்குங்கள்.

3. தாங்கும் இடம்: மைனருடன் வந்த பக்க ஜக், கதவுக்குக் கீழுள்ள குறுக்குப் பெட்டிச் சட்டத்தின் துவாரத்தில் பொருந்தும். இக்காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடலே பாரத்தைத் தாங்குகிறது. அந்தப் பெட்டி துருப்பிடித்திருந்தால் ஜக் தகரத்தைக் கிழித்துக்கொண்டு மேலே போகும். திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அவ்விடத்தை நம்ப வேண்டாம். பின்பக்கத்தில், வில் தகடு அச்சுடன் சேருமிடத்துக்கு அருகே அச்சின் அடியில் போத்தல் ஜக்கை வைக்கலாம். முன்பக்கத்துக்கான இடத்தைக் கராஜ் பாஸிடம் நேரில் கேட்டறியுங்கள். எண்ணெய்த் தொட்டியின் அடியிலோ தரைத் தகட்டின் அடியிலோ வைக்கவே கூடாது.

பாவிக்கும்போது

1. சமதரையில் நிறுத்துங்கள். அதற்காகச் சிறிது தூரம் மெதுவாக ஓட்டி டயர் கெட்டாலும் பரவாயில்லை. எல்லோரையும் இறக்கிவிடுங்கள்.

2. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எதிர்ப்பக்கச் சில்லுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுங்கள். கியரை மட்டும் நம்பாதீர்கள். ஒரு பின் சில்லு தரையை விட்டு எழுந்ததும் அது தனியே சுழலும்; கியரின் பிடி அற்றுப்போகும்.

3. ஓரடிச் சதுரமான தடித்த பலகையொன்றை ஜக்கின் கீழ் வையுங்கள். அது பாரத்தைப் பரப்புவதால் ஈர மண்ணில் ஜக் புதையாது. ஜக் செங்குத்தாக நிற்க வேண்டும்.

4. சில்லு தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். உயர்த்தியபின் பலமாக இழுத்தால் கார் ஜக்கிலிருந்து விழக்கூடும்.

5. மாற்றுச் சில்லைக் காரின் உடலுக்கு அடியில் படுக்க வையுங்கள். கார் நழுவினாலும் அதன்மேலே தங்கும். சில்லைக் கழற்றியதும் இரண்டையும் இடம் மாற்றுங்கள்.

6. நட்டுகளின் சரிந்த முகம் உட்புறமாக இருக்கட்டும். காரை இறக்கியபின் எதிரெதிராக இறுக்குங்கள். சில மைல்கள் ஓடியதும் மீண்டும் பாருங்கள்.

இவையனைத்திலும் மேலானது ஒன்று: ஜக் தூக்குவதற்கே, தாங்குவதற்கல்ல. போத்தல் ஜக்கின் உள்வளையம் தேய்ந்தால் எண்ணெய் கசிந்து கார் தானாகவே இறங்கும். ஆகவே ஜக்கில் நிற்கும் காரின் அடியில் தலையையோ கையையோ கொடுக்காதீர்கள். அடியில் வேலை இருந்தால் கராஜில், இரும்புத் தாங்கிகளின் மேல் நிறுத்திச் செய்யட்டும். பயணம் ஒரு மணி நேரம் பிந்தலாம். போன உயிர் திரும்பாது.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது தோட்டத்து வாகனங்களில் பலகையும் மரக்கட்டைகளும் உள்ளனவா?

2. ஜக்கை நம்பி அடியில் படுப்பவரை நாம் தடுத்திருக்கிறோமா?

3. இளைஞருக்கு இதைச் செய்துகாட்ட ஒரு ஞாயிறு மாலையை ஒதுக்குவோமா?