பேருந்து நிலையமும் ரூட்டரும்

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? சென்னையிலிருந்து வருவோர் கல்வராயன் மலைக்குச் செல்ல அங்கே இறங்கி வேறு பேருந்து ஏறுவர். இணையத்திலும் அத்தகைய மாறுமிடம் உண்டு. அதுவே ரூட்டர். வரும் செய்தித் துண்டுகளின் முகவரியைப் பார்த்து, உரிய கணிப்பொறிக்கு அனுப்புவது அதன் பணி.

சென்ற ஐப்பசி மழையில் எங்கள் விடுதி ரூட்டர் இடியில் கருகியது. மலையூர்களிலிருந்து வந்து தங்கிப் படிக்கும் தோழிகள் பெரிதும் வருந்தினர். அரசுத் தேர்வோ நெருங்கிக்கொண்டிருந்தது. அறிவியல் மன்றத்தினராகிய நாங்கள் கைச்செலவுக் காசைச் சேர்த்து 2,000 ரூபாய் திரட்டினோம். ஆய்வுக்கூடத்தில் ஒரு ராஸ்பெரி பை 4 இருந்தது. 2019-இல் வெளிவந்த உள்ளங்கையளவு கணிப்பொறி அது. அதையே ரூட்டராக்க விடுதிச் சகோதரியும் இசைந்தார்.

ரூட்டருக்கு வெளிவாசல், உள்வாசல் என இரண்டு வேண்டும். எங்கள் பையிலோ ஒரே ஒரு லேன் துளை! மற்றொன்றை யு.எஸ்.பி. அடாப்டர் மூலம் சேர்க்க வேண்டும். மலிவாக ஒன்றை 350 ரூபாய்க்கு வாங்கினோம். 'எல்லாக் கணிப்பொறிக்கும் பொருந்தும்' என்று அட்டையில் இருந்ததை நம்பினோம். விளக்குக்கூட எரியவில்லை. அன்றிரவு எங்களில் இருவர் சாப்பிடவே இல்லை.

பிறகுதான் படித்தோம். நாங்கள் இட்ட மென்பொருள் ஓப்பன்டபிள்யுஆர்டி. 2004-இல் தோன்றிய இலவச மென்பொருள். அடாப்டரின் உள்ளே இருக்கும் சில்லுக்கு உரிய இயக்கி நிரல் அதில் இருக்க வேண்டும். பெட்டியின் மேலுள்ள பெயர் இதற்கு உதவாது. ஒரே பெயரில் விற்கும் பொருளிலேயே சில்லு மாறிவிடுவதுண்டு. லினக்ஸ் கணிப்பொறியில் செருகினால் தெரியும் அடையாள எண்ணே மெய் சொல்லும்.

இம்முறை, பொருந்தாவிட்டால் திருப்பித் தருவோம் என்று முதலிலேயே பேசி, ரியல்டெக் 8153 சில்லு உள்ளதை வாங்கினோம். அதற்குரிய நிரலின் பெயரில் 8152 என்றிருந்தது கண்டு மறுபடியும் கலங்கினோம். இரண்டுக்கும் அதே நிரல்தானாம்! அதை வேறு கணிப்பொறியில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து நிறுவினோம். அடாப்டரை வேகம் மிக்க நீலநிறத் துளையில் செருகினோம்.

அப்போதும் பை அடிக்கடி அணைந்து எழுந்தது. பழைய கைப்பேசி சார்ஜரால் வந்த வினை! பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். மீதிக் காசில் அதையும் வாங்கினோம்.

இப்போது படிப்பறையின் ஆறு கணிப்பொறிகளும் இணையத்தில் உள்ளன. வானம் இருண்டால் ஓடிச்சென்று மின்செருகியைக் கழற்றும் பொறுப்பு வெள்ளிமலைத் தோழியினுடையது.