மூக்கு உண்டு, மூச்சு இல்லை

ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாய்ந்து வரும் காற்றை அறியாதவர் நாஞ்சில் நாட்டில் இலர். முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அதுவே. சைக்கிளில் எதிர்த்து வருபவரை இறங்கி உருட்ட வைப்பதும் அதுவே. காற்றுக்கு இத்துணை தள்ளும் ஆற்றல் இருக்கும்போது, விரைந்தோடும் காரின் பானட்டில் ஒரு வாயிலைத் திறந்து வைத்தால், காற்று தானே எந்திரத்தினுள் பாய்ந்து அதன் வலிமையைப் பெருக்கிவிடும் என்று நினைப்பது இயல்பு. நானும் அவ்வாறே நினைத்திருந்தேன். கொட்டாரத்தில் என் மாமா நடத்தும் ஒர்க்ஷாப்புக்கு வந்த ஒரு பழைய கார் அந்நினைப்பை மாற்றியது.

அது இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் 1971 வரை செய்து விற்ற வண்டி. இங்கிலாந்தில் 1962இல் வெளிவந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார் இதன் உடன்பிறப்பு. அடிச்சட்டமும் 1147 கன செ.மீ. எந்திரமும் ஒரே குடும்பத்தவை. சோழவரத்தின் பழைய விமானத்தளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகள் ஓடியது பெரியவர்கள் நினைவில் இன்றும் உள்ளது. எங்களிடம் வந்த வண்டியின் பானட் நடுவே, பந்தயக் கார் போலத் தோன்றட்டும் என்று, யாரோ ஒரு தகர மூக்கை ரிவெட் அடித்துப் பொருத்தியிருந்தார்கள். அதன் அடியில் துளை இல்லை. மூக்கு உண்டு, மூச்சு இல்லை! வண்டியின் உரிமையாளர் தம் தந்தை ஓட்டிய வண்டி என்பதால் அதனைப் பெரிதும் போற்றுபவர். “இது சும்மா இருக்க வேண்டாம், உள்ளதாக்கிக் கொடுங்க” என்பது அவர் கேட்டது.

இத்தகைய பொய்மூக்குகள் நம் ஊர்த் தகர வேலைக்கு மட்டும் உரியவை என்று எண்ண வேண்டா. 1963ஆம் ஆண்டின் ஷெவர்லே கார்வெட் ஸ்டிங் ரே காரின் பானட்டில் இரண்டு அலங்காரச் சல்லடைகள் இருந்தன; காற்றுக்கு அவற்றில் வழியில்லை. அடுத்த ஆண்டே அவற்றை எடுத்துவிட்டார்கள். போண்டியாக் டிரான்ஸ் ஆம் காரில் 1970 முதல் உண்மையாக மூச்சு வாங்கிய மூக்கினை, இரைச்சல் பற்றிய விதிகள் காரணமாக 1973 முதல் தொழிற்சாலையிலேயே அடைத்தனர். அந்த அடைப்பை அறுத்துத் திறப்பது அங்குள்ள பழைய கார் அன்பர்களுக்கு இன்றும் ஒரு சடங்கு போன்றது.

மாமா சாக்பீஸால் தகர மூக்கின் அடியில் வட்டம் போட்டார். ஆனால் அறுக்கவில்லை. ஹெரால்டின் பானட் மட்கார்டுகளோடு சேர்ந்த ஒரே கூடு. முன்பக்கம் கீல் வைத்து முழுவதுமாகத் தூக்கித் திறப்பது. அதற்கு மாற்றுப் பானட் எளிதில் கிடைக்காது. “ஓட்டை போட்டாச்சுன்னா போட்டதுதாம்லே மக்கா. ஒன் படிப்புல இதுக்குக் கணக்கு உண்டுமா?” என்று கேட்டார். கணக்கு உண்டு.

முதலில் எந்திரத்தின் பசியைப் பார்ப்போம். ஒரு கிலோ பெட்ரோல் முற்றாக எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்பதாயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட காற்று! நான்கு வீச்சு எந்திரம் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவை உறிஞ்சுவதால், ஹெரால்டு நிமிடத்துக்கு 4000 சுற்றுச் சுழலும்போது, முழுமையாக நிரம்பாத குறையையும் கழித்து, நொடிக்கு 30 லிட்டர் அளவில் காற்றை உட்கொள்ளும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் எதிர்வரும் காற்றிலிருந்து இதனைப் பெற 14 சதுர செ.மீ. வாயில் போதுமானது. ஒரு தீப்பெட்டியின் மேற்பரப்பை விடச் சிறியது! மாமா போட்ட வட்டம் சோற்றுத் தட்டளவு இருந்தது.

அடுத்து, காற்று தள்ளும் அழுத்தம். காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் அது கிடைக்கும். 80 கி.மீ. வேகத்தில் விடை ஏறத்தாழ 280 பாஸ்கல். வளிமண்டல அழுத்தமோ ஒரு லட்சத்துக்கும் சற்று மேல். ஆக, காற்றின் தள்ளுதலால் வரும் ஆதாயம் நூற்றுக்கு கால் பங்குக்குச் சற்றே கூடுதல். 160 கி.மீ.யில் ஓடினாலும் ஒரு விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். அந்த வேகத்தை எங்கள் ஹெரால்டு கனவிலும் காணாது. மிதிவண்டிக்காரரைத் தள்ளும் காற்று எந்திரத்தை ஏன் தள்ளவில்லை எனில், மனித உடலின் பரப்பு பெரிது, கார்புரேட்டரின் வாய் சிறிது. மேலும் எந்திரம் ஏற்கெனவே முழு வளிமண்டலத்தின் அழுத்தத்தில்தான் மூச்சு வாங்குகிறது.

அப்படியானால் மூக்கு வீணா? இல்லை. ஹெரால்டு எந்திரத்தில் காற்று புகும் வழியும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் அமைந்தவை. சூடேறிய புகைக்குழாயின் அருகிலேயே கார்புரேட்டர் மூச்சு வாங்குகிறது. வண்டியைச் சிறிது தொலைவு ஓட்டிவிட்டு வெப்பமானியை வடிகட்டியின் வாயருகே கட்டிப் பார்த்தோம். வெளியே 33 டிகிரி, உள்ளே 63 டிகிரி. கெல்வின் அளவில் 306க்கும் 336க்கும் உள்ள விகிதப்படி, வெளிக்காற்று ஏறத்தாழ 10 விழுக்காடு அடர்த்தி மிகுந்தது. மேனிபோல்டில் அதுவும் சூடேறுவதால் ஆதாயம் முழுவதும் நிற்பதில்லை. ஆற்றல் கெல்வின் வெப்பநிலையின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாக மாறும் என்னும் பொது விதிப்படி 5 விழுக்காட்டை ஒட்டிக் கிடைக்கும். தள்ளுதலால் கால், குளிர்ச்சியால் ஐந்து. மூக்கின் பயன் வேகக் காற்றைப் பிடிப்பதில் இல்லை. சூடில்லாத காற்றைக் கொண்டு வருவதில் இருக்கிறது.

இது புரிந்ததும் இன்னொன்றும் புரிந்தது. வேகம் முக்கியமில்லை எனில், மூக்கு முன்னோக்கி இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பானட்டின் மேல் ஓடும் காற்றில் தகரத்தை ஒட்டிய படலம் மெதுவாகவே நகரும். காரின் முகப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி அப்படலம் இரண்டு செ.மீ. தடிமன் வரை இருக்கலாம். எங்கள் மூக்கின் உயரமே ஓர் அங்குலம்! ஆனால் முன்கண்ணாடியின் அடியில் காற்று முட்டித் தேங்குவதால் அங்கே அழுத்தம் கூடுகிறது. 1969இல் கமேரோ காரிலும் 1970இல் ஷெவெல் காரிலும் ஷெவர்லே நிறுவனத்தார் இதனைப் பயன்படுத்தி, பானட்டின் பின்விளிம்பில் கண்ணாடியை நோக்கித் திறக்கும் வாயிலை வைத்தனர்.

சூத்திரத்தை மட்டும் நம்பி அறுக்க மாமா இசையவில்லை. கொத்தனார் மட்டம் பார்க்கும் குழாயில் ஒரு துண்டு எடுத்து, ‘ப’ வடிவில் வளைத்து, நீலம் கலந்த நீர் ஊற்றிப் பலகையில் கட்டினோம். ஒரு முனை காற்று வடிகட்டியின் அருகே. மறுமுனையை இடம் மாற்றி மாற்றி ஒட்டிப் பார்ப்பது. பானட்டுக்கு உள்ளேயும் ரேடியேட்டர் வழியே காற்று புகுந்து அழுத்தம் தருவதால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் நமக்கு வேண்டியது. விடியற்காலையில் கன்னியாகுமரி - காவல்கிணறு நான்குவழிச் சாலையில் மாமா ஓட்ட, நான் பலகையை மடியில் வைத்திருந்தேன். தகர மூக்கின் வாயில் நீர் அசைந்ததாகவே தெரியவில்லை. கண்ணாடியின் அடியில் வைத்தபோது, ஒரு விரற்கடைக்குக் குறைவாகத்தான், ஆனால் ஐயமில்லாமல் ஏறி நின்றது. மாமா வாய் திறக்கவில்லை. ஒர்க்ஷாப்புக்கு வந்ததும் சாக்பீஸ் வட்டத்தைத் துணியால் துடைத்தார்.

பழைய ரிவெட் துளைகளைப் பற்றவைத்து அடைத்து, மூக்கைத் திருப்பிப் பின்விளிம்பருகே பொருத்தினோம். கீழே 50 சதுர செ.மீ. அளவில் ஒரு துளை. மெதுவாகப் போகும்போதும் மூச்சுத் திணறக்கூடாது என்பதற்காகக் கணக்கை விடப் பெரிது. துளை போடுவது அரை மணி நேர வேலை. துளையிலிருந்து வடிகட்டி வரை அடைத்த வழி அமைப்பதே பெரும்பாடு. இடையில் சந்து இருந்தால் எந்திரம் அருகிலுள்ள சூடான காற்றைத்தான் இழுக்கும். மூக்கு மீண்டும் அலங்காரமாகிவிடும். எந்திரமோ தன் ரப்பர் தாங்கிகளில் குலுங்குவது, பானட் குலுங்காது. 1969ஆம் ஆண்டு மஸ்டாங் காரில் மூக்கை எந்திரத்தின் மேலேயே பொருத்தி, பானட்டில் வெட்டிய துளை வழியே வெளியே நீட்டினார்கள். எந்திரத்தோடு அதுவும் குலுங்கியதால் ‘ஷேக்கர்’ என்று பெயர் பெற்றது. நாங்கள் எளிய வழியை எடுத்தோம். வடிகட்டியைச் சுற்றித் தகரப் பெட்டி, அதன் வாயில் தடித்த ஸ்பாஞ்சு வளையம். பானட்டை இறக்கினால் வளையம் அமுங்கி அடைத்துக்கொள்ளும்.

மிதவை அறையையும் கவனிக்க வேண்டும். எங்கள் கார்புரேட்டரில் அவ்வறையின் காற்றுத்துளை வெளியே திறந்திருந்தது. வாயில் ஓர் அழுத்தமும் மிதவை அறையில் வேறோர் அழுத்தமும் இருந்தால் பெட்ரோல் குறைந்து கலவை மெலியும். ஒரு சிறு குழாயால் அத்துளையையும் பெட்டிக்குள்ளேயே இணைத்தோம். குளிர்ந்த காற்றின் அடர்த்திக்கேற்ப மெயின் ஜெட்டையும் ஒரு படி பெரிதாக்க வேண்டியதாயிற்று.

மழையைத்தான் மாமா அதிகம் அஞ்சினார். இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் நம்முடையது. பிஸ்டன் மேலேறி நிற்கும்போது ஹெரால்டின் ஒரு சிலிண்டரில் மிஞ்சும் இடம் 40 முதல் 50 கன செ.மீ.தான், அரை டம்ளர் டீ! அதற்கு மேல் நீர் புகுந்தால், நீரை அமுக்க முடியாதாகையால், கனெக்டிங் ராடு வளையும். மூக்கு பின்னோக்கி இருப்பதால் மழை நேரே அறைவதில்லை. ஆயினும் துளையைச் சுற்றி அரை அங்குல விளிம்பு எழுப்பி, பெட்டியின் தாழ்ந்த மூலையில் நீர் வடியத் துளை இட்டோம். பிறகு மாமா வண்டியை ஓடவிட்டு, ஒரு குடம் நீரைக் கண்ணாடியின் மேல் ஊற்றினார். உரிமையாளர் வேறு பக்கம் திரும்பிக் கொண்டார். நீர் பெட்டியின் மூலை வழியே தரையில் சொட்டியது. எந்திரத்தின் ஓசை மாறவில்லை.

ஐந்து விழுக்காடு ஓட்டும் கைக்குத் தெரியுமா என்று ஆசிரியர் ஒருவர் கேட்டார். மேட்டில் ஏறும்போது சிறிது தெரிகிறது என்பார் உரிமையாளர். அவர் தந்தையின் வண்டி என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். டீக்கடையில் நிற்பவர்கள் மட்டும், “அண்ணாச்சி, மூக்கைத் திருப்பி மாட்டிட்டீங்களே” என்று மாமாவிடம் சொல்கிறார்கள். “எம் மருமவன் காலேஜுலேருந்து வருவான், அவன்ட்ட கேளுங்க” என்று சொல்லிவிட்டு அவர் ஸ்பானரை எடுத்துக்கொள்கிறார்.