சாரலோடு வரும் எறும்பு

கேள்வி: குற்றாலச் சாரல் தொடங்கினால் எங்கள் தென்காசி வீட்டில் எறும்புப் படையெடுப்புதான். தவழும் குழந்தை இருக்கிறாள். எறும்பு சாக்பீஸ் போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அது பூச்சிக்கொல்லி, தவழும் பிள்ளையின் கையில் ஒட்டி நேரே வாய்க்குப் போகும். எறும்பை விரட்டச் சிலர் சொல்லும் கற்பூரமும் ஆகாது, விழுங்கினால் வலிப்பே வரலாம்.

மழையில் புற்று நனைந்ததும் எறும்பு உலர்ந்த இடம் தேடுகிறது. முன்னே போனது விட்டுச்சென்ற வாசனைத் தடத்தைப் பிடித்துத்தான் மற்றவை வரிசை கட்டுகின்றன. அந்தத் தடத்தைச் சோப்புத் தண்ணீரால் அழுத்தித் துடையுங்கள். வெறும் ஈரத்துணி போதாது. நுழையும் சுவர் வெடிப்பைச் சிமெண்டால் அடைத்துவிடுங்கள். பால் சிந்திய பாயை அன்றே அலசுங்கள். சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைக்கலாம். ஆனால் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எறும்பு போய்க் கொசு வரும்.