கேட்மின்ட்: எந்த இனம் எண்ணெய்க்கு?

கேள்வி: கேட்மின்ட் என்ற பெயரில் பல இனங்கள் விற்கப்படுகின்றன. வாசனை எண்ணெய் வடிக்க வேண்டுமானால், எண்ணெய்ச் சதவிகிதம் அதிகமுள்ள இனத்தைத் தேர்ந்தெடுத்தால் போதாதா?

பதில்: போதாது. ஒரு கிலோ காய்ந்த தழையில் எவ்வளவு எண்ணெய் என்பதை மட்டுமே சதவிகிதம் சொல்லும். ஏக்கருக்கு எத்தனை கிலோ தழை விளையும் என்பதைச் சொல்லாது. உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். 1,000 கிலோ காய்ந்த தழையில் 0.3 சதவிகிதம் எண்ணெய் என்றால் 3 கிலோ கிடைக்கும். 0.8 சதவிகிதம் இருந்தும் தழை 300 கிலோதான் என்றால் 2.4 கிலோவோடு முடிந்துவிடும். தழை அளவு இனத்துக்கு இனம் மாறும். பூனைகள் மயங்கிப் புரளும் கேட்னிப், அதாவது நேபெட்டா கட்டாரியா, மூன்றடி வரை வளரும். நீலப்பூ நேபெட்டா ரேசிமோசாவோ ஓரடி அளவில் தரையோடு படர்ந்து நிற்கும். தோட்டங்களில் அழகுக்கு வைக்கும் நேபெட்டா ஃபாசெனி மலட்டுக் கலப்பினம், விதை தராது. தண்டை வெட்டி நட்டோ, வேர்த்தூரைப் பிரித்தோதான் பெருக்க வேண்டும். ஏக்கர் கணக்கில் நடுவதற்கு அந்தக் கூலி கட்டுப்படியாகாது.

அப்படியானால் உயரமாக வளர்வதே மேல் என்று நினைக்கலாம். அதுவும் பாதி உண்மைதான். இலையின் அடிப்பக்கத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் பளபளக்கும் நுண்ணிய குமிழ்கள் தெரியும். எண்ணெய் அந்தச் சுரப்பிகளில்தான் இருக்கிறது. பூவின் புல்லிவட்டத்திலும் அவை உண்டு. முற்றிய தண்டில் அநேகமாக இல்லை. ஆகவே தண்டு தடித்து, அடியிலைகள் உதிர்ந்த செடி தராசில் கனக்கும், வடிகலனில் ஏமாற்றும். மொத்த எடையைவிட இலையும் பூவும் அதில் எவ்வளவு என்பதே கணக்கு. பூக்கும் பருவத்தில் அறுக்கச் சொல்வது இதனால்தான்.

எண்ணெய் அளவு சரியாக இருந்தாலும் அதனுள் என்ன இருக்கிறது என்ற கேள்வி மிஞ்சும். பூனையை ஈர்ப்பதும் கொசு, கரப்பானை விரட்டுவதும் நெபெட்டாலாக்டோன். விஸ்கான்சின் பல்கலைக்கழக வேதியியலார் 1941இல் பிரித்தெடுத்த சேர்மம் அது. கட்டாரியாவிலேயே எலுமிச்சை மணமுள்ள ஒரு வகை நன்றாக வளரும். ஆனால் அதன் எண்ணெயில் நெரோலும் ஜெரானியோலும் மேலோங்கி, நெபெட்டாலாக்டோன் மிகக் குறைவாக இருக்கும். 'அதுவும் எண்ணெய்தானே' என்றால், உண்மைதான். வாசனைச் சரக்காக விற்கலாம், கேட்னிப் எண்ணெயாக விற்க முடியாது. நெபெட்டாலாக்டோனிலும் வடிவ வேறுபாடுகள் உண்டு. கரப்பானிடம் செய்த ஆய்வுகளில் ஒரு வடிவம் மற்றதைவிட வலுவாக விரட்டியது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் சிஆர்9 என்ற கேட்னிப் ரகத்தை உருவாக்கியபோது, இந்தச் சேர்மத்தின் செறிவையும் செடியின் வளர்ச்சியையும் சேர்த்தே பார்த்தது. ஒன்றை மட்டும் பார்த்து ரகம் தேர்ந்தெடுத்தால் மற்றொன்றில் நஷ்டம் வரும்.

ஆய்வுக் கட்டுரைகளின் மகசூல் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்பீர்கள். மண், வெயில், அறுவடை நாள், செடியின் வயது எல்லாமே அந்த எண்ணை மாற்றும். முதலாண்டுப் பயிரை இரண்டாமாண்டுப் பயிரோடு ஒப்பிடுவதும் நியாயமில்லை. ஒரே நிலத்தில், ஒரே நாளில் நட்டு, ஒரே பருவத்தில் அறுத்த இனங்களின் எண்களை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்ணெய்க்கு என்றால் என் தேர்வு நேபெட்டா கட்டாரியாதான். கேட்மின்ட் என்ற பொதுப்பெயரை நம்பாமல், பாக்கெட்டில் தாவரவியல் பெயர் பார்த்து விதை வாங்குங்கள்.