செல்லுக்குள் சென்சார் அனுப்புமுன்

உயிருள்ள ஒரு செல்லுக்குள் கால்சியம் எவ்வளவு, அமிலத்தன்மை எவ்வளவு என்று ஒளிரும் சென்சார்கள் சொல்லும். ஆனால் சென்சாரும் ஒளியும் செல்லுக்கு வேண்டாத விருந்தாளிகள். ஆய்வகத்துக்குப் புதியவர்கள், திரையில் தெரிவது செல்லின் சேதியா, விருந்தாளி கிளப்பிய கலாட்டாவா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

• விகிதத்தைப் பாருங்கள். செல் பளிச்சென்று தெரிந்தால் கால்சியம் கூடியிருக்கலாம். சென்சாராக வேலை செய்யும் சாயம் அதிகம் புகுந்திருக்கலாம். அந்த இடத்தில் செல் தடிமனாகவும் இருக்கலாம். ரோஜர் சியன் குழு 1985-இல் வெளியிட்ட ஃபுரா-2 என்ற கால்சியம் சாயத்துக்கு 340, 380 நானோமீட்டர் என இரு அலைநீளங்களில் மாறிமாறி ஒளி பாய்ச்சுவார்கள். கிடைக்கும் இரண்டு ஒளிர்வுகளையும் வகுத்தால், சாயத்தின் அளவும் செல்லின் தடிமனும் பெரும்பாலும் கணக்கிலிருந்து கழன்றுவிடும்.

• சென்சாரைச் செல்லுக்குள் வைத்தே அளவு திருத்துங்கள். குவளையில் ஒழுங்காக நடக்கும் சாயம், உள்ளே புரதங்களோடு ஒட்டிக்கொண்டு வேறு எண் காட்டும்.

• சென்சார் எங்கே போய் உட்கார்ந்தது என்று பாருங்கள். சைட்டோபிளாசத்தின் பிஎச் சுமார் 7.2, லைசோசோமில் 5-க்கும் கீழே இறங்கும். பச்சை ஒளிர்புரதத்தால் ஆன சென்சார்கள் பல அமிலத்தில் மங்கும். அதைக் கால்சியம் குறைந்ததாகப் படித்துவிடுவது எளிது. பெங்களூரில் யமுனா கிருஷ்ணன் குழு 2009-இல் டிஎன்ஏவாலேயே பிஎச் சென்சார் செய்து, செல் வெளிப்பொருளை விழுங்கும் வழியிலேயே அதை அனுப்பியது. போகும் பாதை தெரிந்ததால் கிடைத்த எண்ணுக்கும் பொருள் இருந்தது.

• சென்சார் ஏற்றாத செல்களையும் அதே ஒளியில் படமெடுங்கள்.

செய்யக்கூடாதவை

• படம் அழகாக வரட்டும் என்று லேசரைக் கூட்டாதீர்கள். ஒளிபட்ட சாயம் வெளுக்கும். வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகிச் செல்லை வதைக்கும். வதைபட்ட செல் கால்சியத்தை உயர்த்தும், நாம் அதையே கண்டுபிடிப்பு என்று எழுதுவோம். புள்ளிபுள்ளியான படமே போதும். அட்டைப்படத்துக்கு ஆசைப்பட்டுக் கெட்ட சோதனைகள் ஏராளம்.

• சாயத்தை அள்ளி ஊற்றாதீர்கள். அமைதியான செல்லில் தனித்த கால்சியம் ஏறக்குறைய 100 நானோமோலார்தான். ஃபுரா-2 கால்சியத்தைப் பிடித்துவைத்துத்தான் அளக்கிறது. மிகுந்துபோனால், அளக்க வந்த துடிப்பை அதுவே விழுங்கிவிடும்.

• பீனால் ரெட் கலந்த ஊடகத்தில் படமெடுக்காதீர்கள். அதுவே ஒளிரும்.

• ஒத்துவராத செல்களைப் பிறகு கழிக்காதீர்கள். பக்கத்துப் பக்கத்துச் செல்களே வேறுவேறாக நடப்பதால்தான் தனித்தனியாகப் பார்க்கிறோம். எந்தச் செல்லை ஒதுக்குவது என்ற விதியை, மைக்ரோஸ்கோப்பைப் போடுமுன் நோட்டில் எழுதிவிடுங்கள்.