நெம்பராலாவுக்குப் போகிறவர்களுக்கு

இந்தோனேசியா என்றால் பாலி என்று போய்த் திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். பாலிக்குக் கிழக்கே லொம்போக், சும்பாவா, புளோரஸ், தீமோர் என்று தீவுகள் நீண்டுகொண்டே போகின்றன. தீமோரின் தென்மேற்கு முனையை ஒட்டி, ஒரு நீரிணைக்கு அப்பால் கிடக்கிறது ரோட்டே. ஆட்கள் குடியிருக்கும் இந்தோனேசியத் தீவுகளில் தென்கோடி இதுதான். அதன் மேற்குக் கரையில் உள்ள மீனவக் கிராமம் நெம்பராலா. வெளியுலகில் அதற்குப் பேர் வாங்கித் தந்தது, அலைச்சறுக்குக்காரர்கள் 'டி-லேண்ட்' என்று சொல்லும் நீளமான அலை. ஊர்க்காரர்களுக்கோ கடல்பாசியும் மீனும் பனைமரமும்தான் பிழைப்பு.

பத்து நாள் தங்கிவரப் போகிறவர்கள் உண்டு. கடற்கரையில் சல்லிசாக மனை கிடைக்குமாமே என்று விசாரிக்கிறவர்களும் உண்டு. இரு தரப்பாரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, நீங்கள் காலாற நடக்கப்போகும் அந்த மணல் வேறொருவரின் களத்துமேடு என்பது.

போக ஏற்ற காலம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. டிசம்பரிலிருந்து மார்ச் வரை மழை, மேல்காற்று. கப்பல் பல நாள் ஓடாது. ஏப்ரல் 2021இல் வந்த செரோஜா புயல் ரோட்டே அடங்கிய மாகாணத்தையே புரட்டிப் போட்டது, ஆகவே ஏப்ரல் தொடக்கத்திலும் வானிலை பார்த்தே கிளம்புங்கள். ஜூலை, ஆகஸ்டில் அலை பெரிது. அலைச்சறுக்குக் கூட்டமும் அறை வாடகையும் அப்போதுதான் ஏறும். தென்கிழக்குக் காற்று பலமாக அடித்தால் படகை நிறுத்தியும் விடுவார்கள். பலகையைத் தொடும் எண்ணமே இல்லாதவர்களுக்கு மே அல்லது அக்டோபர் போதும்.

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர், அங்கிருந்து பாலியின் டென்பசார், பிறகு உள்நாட்டு விமானத்தில் தீமோர்த் தீவின் குபாங். குபாங்கிலிருந்து ரோட்டேவுக்கு மூன்று வழி. தெனாவ் துறைமுகத்திலிருந்து விரைவுப் படகு ஏறினால் தீவின் தலைநகரான பாஆவுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். போலோக்கிலிருந்து லாரி, மோட்டார்சைக்கிள், ஆடு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பும் பெரிய கப்பல் பந்தாய் பாருவுக்குப் போக நான்கு மணி நேரம் எடுக்கும். மூன்றாவது, சின்ன விமானம். ஏறி உட்கார்ந்ததும் இறங்கிவிடலாம். வயிறு புரட்டும் சுபாவம் உள்ளவர்கள் விரைவுப் படகைவிடப் பெரிய கப்பலைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பாஆவிலிருந்து நெம்பராலாவுக்குச் சாலையில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு வந்திறங்கியதும் விசா கிடைக்கும். கட்டணம் 5 லட்சம் ருப்பியா. பூஜ்யங்களைப் பார்த்து மிரள வேண்டாம், நம் பணத்தில் மூவாயிரத்துக்குள். 30 நாள் இருக்கலாம், இன்னொரு 30 நாள் ஒரே ஒரு முறை நீட்டிக்கலாம். நீட்டிக்க நேரில் வரச்சொன்னால் குபாங்குக்குக் கப்பலேற வேண்டியிருக்கும். அந்தப் போக்குவரத்துச் செலவையும் கணக்கில் சேருங்கள். நாள் கடந்து தங்கினால் நாளொன்றுக்கு 10 லட்சம் ருப்பியா அபராதம். மலேசிய, சிங்கப்பூர் குடிமக்கள் 30 நாள் வரை விசா இல்லாமலே போகலாம். மலாய் பேசத் தெரிந்த மலேசியத் தமிழருக்கு ரோட்டேயில் பாதி வேலை வாசலிலேயே முடிந்துவிடும்.

ரொக்கத்தைக் குபாங்கிலோ பாஆவிலோ எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் கார்டைத் தேய்க்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள். டெல்கோம்செல் சிம் வாங்கிப் போட்டுக்கொள்வது நல்லது. ஞாயிற்றுக்கிழமை எந்தக் காரியத்தையும் வைத்துக்கொள்ளாதீர்கள். தீவில் பெரும்பாலோர் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள். காலையில் ஊரே கோயிலில் இருக்கும்.

தங்க, வெளிநாட்டவர் நடத்தும் அலைச்சறுக்கு விடுதிகள் இருக்கின்றன, டாலர் கணக்கில். ஊர்க்காரர் வீட்டோடு ஒட்டிய அறைகளும் உண்டு. பெரும்பாலும் மூன்று வேளைச் சாப்பாடும் சேர்த்தே வாடகை. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். சோறு, மீன், புளிப்பான மீன் சாறு, கூடவே முருங்கைக்கீரை. இந்த மாகாணத்தில் முருங்கைக்கீரை இல்லாத அடுப்படியைப் பார்ப்பது கடினம். சைவர்கள் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கீரையிலும் கருவாடு எட்டிப்பார்க்கும். வயதான பெண்களை 'மாமா' என்றும் ஆண்களை 'பாப்பா' அல்லது 'பாப்பாக்' என்றும் கூப்பிடுங்கள். நம் காதுக்குத் தலைகீழாக ஒலிக்கும், சிரித்துவிடாதீர்கள். வீட்டுக்குள் அழைத்தால் பெரும்பாலும் முதலில் வருவது வெற்றிலைபாக்குத் தட்டு. வெற்றிலைக்குப் பதில் அந்தக் கொடியின் நீளக் காயைக் கடித்து, பாக்கோடும் சுண்ணாம்போடும் மெல்லுவார்கள். வாய் வேகும் என்று பயந்தால் ஒரு துண்டு பாக்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். தட்டைத் தொடாமல் விடுவதுதான் மரியாதைக் குறைவு.

கடற்கரைக்கு வருவோம். நீர் வற்றும் நேரத்தில் போய்ப் பாருங்கள். முழங்கால் ஆழத் தண்ணீரில், நெடுகக் கட்டிய கயிறுகளில் பாசி தொங்கும். காலிப் பிளாஸ்டிக் பாட்டில்கள்தான் மிதவை. பெண்கள் சாக்கோடு இறங்கி விளைந்ததை அறுத்துக் கொண்டுவருவார்கள். கரையில் பனையோலைக் கொட்டகையின் நிழலில் உட்கார்ந்து, கைப்பிடிக்குக் குறைவான துண்டுகளாகப் பிய்த்து, அடுத்த நடவுக்குக் கயிற்றில் முடிந்துகொண்டே ஊர்க்கதை பேசுவார்கள். விரல் நிற்கவே நிற்காது. நட்டு ஒன்றரை மாதத்தில் அறுவடை. ஏழெட்டுக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும். ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டியாக்கும் கராகீனன் இதிலிருந்துதான் வருகிறது. மண்டபம் பக்கத்தில் மூங்கில் மிதவையில் வளர்ப்பதும் இதே கப்பாபைகஸ் பாசிதான். பார்க்கிறவர்கள் செய்யக்கூடாதது இரண்டு: காயப்போட்ட பாசியின்மேல் நடப்பது, கயிறுகளுக்கு நடுவே நீந்துவதும் படகை விடுவதும். பிய்ந்து போகும் ஒவ்வொரு முடிச்சும் ஒரு வீட்டின் வருமானம்.

இந்தப் பாசிக்குப் பின்னால் ஒரு வழக்கும் இருக்கிறது. 21 ஆகஸ்ட் 2009 அன்று தீமோர் கடலில், ஆஸ்திரேலிய எல்லைக்குள், மொன்டாரா எண்ணெய்க் கிணறு வெடித்து இரண்டு மாதத்துக்கு மேல் எண்ணெயைக் கக்கியது. ரோட்டே, குபாங் கரைகளில் பாசி வெளுத்துச் செத்தது. 15,000க்கும் மேற்பட்ட பாசி விவசாயிகள் சேர்ந்து ஆஸ்திரேலிய நீதிமன்றத்துக்கே போனார்கள். 2021இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. நவம்பர் 2022இல் கிணற்றை நடத்திய நிறுவனம் 19.25 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. மனை பேரம் பேசப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. எதிரே வெற்றிலை மென்றுகொண்டிருப்பவர் காகிதம் தெரியாத அப்பாவி என்று எண்ண வேண்டாம்.

கரையிலிருந்து உள்ளே திரும்பினால் பனை. நம் பனைதான்; 'லொந்தார்' என்பார்கள். அதிகாலையிலும் மாலையிலும் மரமேறுகிறவர் பாளையை மரக்கவ்வியால் நசுக்கி, நுனியைச் சீவி, ஓலையில் மடித்துச் செய்த 'ஹாயிக்' என்ற கலயத்தைக் கட்டுகிறார். இறக்கிய பதநீரை மண்ணில் தோண்டிய அடுப்பில் காய்ச்சிப் பாகாக்குகிறார்கள். அந்தப் பாகைத் தண்ணீரில் கலந்து குடித்தே ஒரு வேளையைக் கழிப்பது இங்கே பழைய வழக்கம். மானிடவியலாளர் ஜேம்ஸ் ஃபாக்ஸ் ரோட்டே, சாவு என்ற இரு தீவுகளின் வாழ்வைப் பனையை வைத்தே விளக்கி 1977இல் ஒரு புத்தகம் எழுதினார். பாகு இன்னும் இறுகினால், ஓலை வளையங்களில் ஊற்றித் தட்டையான கருப்பட்டி வில்லைகளாக எடுப்பார்கள். தூத்துக்குடிக்காரர்கள் சிரட்டையில் ஊற்றிய தங்கள் கருப்பட்டியே உசத்தி என்பார்கள். நான் பஞ்சாயத்துக்கு வரவில்லை. வில்லைகள் வாங்கி வாருங்கள், கெடாது. பதநீரைப் புளிக்கவைத்துக் காய்ச்சிய 'சோப்பி' சாராயத்தை யாராவது நீட்டினால் ஒரு மடக்கோடு நிறுத்துங்கள். சசாண்டோ என்ற நரம்பு வாத்தியத்தின் முழக்கூடும் பனையோலைதான். 1992ஆம் ஆண்டு 5,000 ருப்பியா நோட்டில் அதன் படம் இருந்தது.

ஒரு நாளை ஒதுக்கித் தீவின் மறுகோடியில் உள்ள பப்பேலாவுக்குப் போய் வாருங்கள். முஸ்லிம் மீனவர் கிராமம். இவர்களின் முன்னோர் பாய்மரத்தில் ஆஷ்மோர் திட்டுக்குப் போய்க் கடலட்டையும் சங்கும் எடுத்தவர்கள். அந்தத் திட்டில் ரோட்டேக்காரர்களின் கல்லறைகள்கூட இருக்கின்றன. இப்போது அது ஆஸ்திரேலியாவுடையது. 1974இல் இரு நாடுகளும் செய்த உடன்படிக்கையின்படி எஞ்சின் இல்லாத படகுகள் மட்டும் குறிப்பிட்ட பரப்பில் மீன்பிடிக்கலாம். 1983இல் ஆஷ்மோர் காப்பகமானது, பிறகு அங்கே மீன்பிடிப்பும் பெருமளவு நின்றது. அதற்குப் பின் எல்லை தாண்டியவர்களின் படகுகள் பிடிபட்டன, எரிக்கப்பட்டன. ஆட்கள் டார்வினில் சிறையிருந்தார்கள். கச்சத்தீவு ஒப்பந்தமும் அதே 1974தான். ராமேஸ்வரத்துக்காரர் ஒருவர் பப்பேலாக் கரையில் உட்கார்ந்தால் மொழி தெரியாமலே பேச்சு புரியும்.

மாதக்கணக்கில் தங்க நினைப்பவர்களுக்கு வேறு சில. ஊர்த் தலைவரிடம் பாஸ்போர்ட் நகலோடு போய்ச் சொல்லிவிடுங்கள். வீட்டுக்காரரும் நீங்கள் தங்கியிருப்பதைத் தெரிவிக்க வேண்டும். தண்ணீர் உப்பு கலந்தது, குடிக்கக் கேன் தண்ணீர். மின்சாரம் போகும், வரும். மலேரியா இந்த மாகாணத்தில் இன்னும் இருக்கிறது, கிளம்புமுன் மருத்துவரைக் கேளுங்கள். 2023 முதல் பக்கத்துத் தீமோரில் வெறிநாய்க்கடி பரவியிருக்கிறது, தெருநாயைத் தடவாதீர்கள். ஊரில் சுகாதார நிலையமும் பாஆவில் மருத்துவமனையும் உண்டு. பெரிய கோளாறு என்றால் கடல் தாண்டிக் குபாங்தான். ஆகவே காப்பீட்டில் அவசரப் போக்குவரத்து இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார்சைக்கிள் ஓட்டும் உரிமம் இல்லாமல் விழுந்தால் அந்தக் காப்பீடு கைவிரித்துவிடும். பவளப்பாறையில் நடக்க ரப்பர் செருப்பு வேண்டும். சுற்றுலா விசாவில் சம்பளமில்லாமல் விடுதிக்கு உதவுவதுகூட வேலைதான் என்று குடிவரவுத் துறை சொல்லலாம்.

இனி முதலீடு. 1960ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி முழு உடைமை இந்தோனேசியக் குடிமகனுக்கு மட்டும்தான். 'என் பேரில் வாங்கிக்கொள்ளுங்கள், பணம் உங்களுடையது' என்று ஒருவர் கட்டாயம் வருவார். பினாமி வியாபாரம் நமக்குப் புதிதா என்ன! ஆனால் அந்தச் சட்டத்தின் 26ஆம் பிரிவு பொல்லாதது. அப்படிச் செய்த கைமாற்றம் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. பினாமிக்காரர் நல்லவராகவே இருந்தாலும் அவர் இறந்தபின் வாரிசுகள் வருவார்கள்.

சட்டப்படி வழி மூன்று. தங்கும் அனுமதி உள்ளவர் 'ஹாக் பக்காய்' என்ற பயன்பாட்டு உரிமை எடுக்கலாம். 2021 விதிப்படி 30, 20, 30 என்று படிப்படியாக 80 ஆண்டு வரை போகும். வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் தொடங்கி அதன் பேரில் கட்டட உரிமை பெறலாம். ஆனால் அதற்கு நிலமும் கட்டடமும் போக 1,000 கோடி ருப்பியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் காட்ட வேண்டும், அதாவது நம் பணத்தில் ஐந்து கோடிக்கு மேல். மூன்றாவது, சாதாரணக் குத்தகை. நெம்பராலாவில் சிறு தொகையோடு போகிறவருக்குக் குத்தகையே நியாயமான வழி என்பது என் கருத்து.

எந்த வழியானாலும், நிலப் பதிவு அலுவலகத்தில் சான்றிதழைச் சரிபார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ரோட்டேயில் நிலம் குலத்துக்குச் சொந்தமாக வந்தது. ஒருவர் கையெழுத்துப் போட்டால் நான்கு சித்தப்பாக்கள் கிளம்புவார்கள். எல்லையை அளக்கும்போது பக்கத்து நிலக்காரர்கள் நேரில் நிற்க வேண்டும். உச்ச அலைக்கோட்டிலிருந்து 100 மீட்டர் வரை கரைக் காப்புப் பகுதி. 'அலை வந்து படியைத் தொடும்' என்று காட்டப்படும் மனை பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். பாசிக்காரர்கள் கடலுக்குப் போகும் பாதை உங்கள் மனைக்குக் குறுக்கே ஓடினால் வேலி போடாதீர்கள். போட்டால் அதோடு ஊரில் உங்கள் வாழ்க்கை முடிந்தது. வாங்கும் ஆசை நிஜமானால், வாடகைக்கு ஒரு மழைக்காலத்தை அங்கே கழித்துப் பாருங்கள். அலைச்சறுக்குக்காரர்கள் போனபின், கப்பல் ஓடாத வாரத்தில், கூரை ஒழுகும்போது அந்த மனையின் சரியான விலை தெரியும்.

திரும்பும் விமானத்தைப் படகு வந்து சேரும் அதே நாளுக்குப் போடாதீர்கள். காற்று அடித்தால் பயணச்சீட்டு இருந்தும் பாஆவில் உட்கார்ந்திருக்க நேரும். குபாங்கில் ஓர் இரவை இடைவெளியாக விடுங்கள். மாமிசம் சாப்பிடுகிறவர்கள் அந்த இரவில் 'செய்' தேடிப் போகலாம். கெசம்பி விறகின் புகையில் மெதுவாகச் சுட்ட இறைச்சி. பன்றியும் உண்டு, மாடும் உண்டு, கேட்டுவிட்டு உட்காருங்கள்.